மனு எழுதும் முன் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர்களுக்கும், கிராமக் கமிட்டி, ஜமாத், தேவாலயப் பங்குப் பேரவைப் பொறுப்பாளர்களுக்கும், கடற்பாசி எடுக்கும் பெண்கள் குழுத் தலைவிகளுக்கும் வணக்கம்.

ஒரு படகு நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு மனப்பாடம். படகின் பதிவு எண், கடலுக்குப் போக வாங்கிய டோக்கன் விவரம், ஆட்களின் பெயர், ஆதார் நகல் எல்லாம் விறுவிறுவென்று மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்விடும். பிறகு ஆட்சியரிடம் மனு, கூட்டம், வேலைநிறுத்தம். பல ஆண்டு அடிபட்டு நீங்களே உண்டாக்கிக்கொண்ட ஒழுங்கு இது. ஆனால் அதே நேரத்தில் அந்த ஐந்தாறு வீடுகளுக்குள் நடப்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. செய்தி வாட்ஸ்ஆப் குரல் பதிவாக வந்து விழுகிறது. யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேள்விப்படுகிறது. மூன்று நாள் உறங்காத ஒரு பெண்ணிடம் நான்காம் நாள் வாரத் தவணை கேட்டு ஆள் வந்து நிற்கிறார்.

கடலோரக் கிராமங்களில் மனநலப் பணி செய்பவர்கள் என்ற முறையில் நாங்கள் கேட்பது ஒன்றுதான். படகுக்கு ஒரு நடைமுறை வைத்திருப்பதுபோல மனதுக்கும் ஒரு நடைமுறை வையுங்கள். அதற்குச் சங்கத்தில் மருத்துவர் இருக்க வேண்டியதில்லை. என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று தெரிந்த நான்கு பேர் போதும்.

முதலில் செய்தி சொல்லும் முறை. வீட்டுக்குச் சொல்லி முடிக்கும்வரை எந்தக் குழுவிலும் பெயர் போகக் கூடாது என்று சங்கமே தீர்மானம் போடட்டும். வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போக வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வாசலில் நின்று சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்ல வேண்டும். “படகைப் பிடித்திருக்கிறார்கள். ஆறு பேரும் நலமாக இருப்பதாகத் தகவல். எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள் என்று இன்னும் தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப வருகிறோம்.” தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது வருவோம் என்பது. இந்த மூன்றுக்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் மனதில் நிற்காது. அதிர்ச்சியில் இருக்கும் மூளை நீண்ட பேச்சைப் பிடித்து வைக்காது. நீங்கள் விளக்கிச் சொன்னதையே பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சலிக்காமல் திரும்பச் சொல்லுங்கள். ஆறு மணிக்குப் புதுச் செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்குப் போயே ஆக வேண்டும். எப்போது செய்தி வரும் என்று தெரியாமல் காத்திருப்பது கெட்ட செய்தியைவிட மனதை அரிக்கும். “ஒன்றும் தெரியவில்லை, காலை எட்டு மணிக்கு வருகிறோம்” என்பதே அந்த இரவைக் கடக்க ஒரு பிடி.

“அழாதே”, “கவலைப்படாதே”, “எல்லாம் விதி” ஆகிய மூன்றும் அங்கே வேண்டாம். அழுகை வருகிறவரை அழவிடுங்கள். பேச விருப்பமில்லாதவரைப் பேச வைக்காதீர்கள். நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் முதல் நாட்களில் அப்படி வற்புறுத்துவது சிலருக்குக் காயத்தை ஆழமாக்கும். பக்கத்தில் இருப்பதும், தண்ணீர் கொடுப்பதும், வீட்டுப் பெரியவர் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் போட்டாரா என்று பார்ப்பதும்தான் அன்றைய வேலை. அடுப்பு பற்ற வைக்காத வீட்டில் இவைதான் முதலில் விட்டுப்போகும்.

செய்தி கேட்டதும் சிலருக்கு மூச்சு வேகமாகி, விரல்கள் மரத்து மடங்கி, வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருக்கும். வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோவதால் வருவது இது. எதிரே உட்கார்ந்து, மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடும்படி கூடவே செய்து காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் தணியும். முகத்தில் பை வைத்து மூச்சு விடச் சொல்லும் பழக்கம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் ஆபத்து. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு நெஞ்சு வலி, வியர்வை, இடது கை கடுப்பு என்றால் மனப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல் முதலில் இசிஜி எடுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். “அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார்” என்று சொன்ன பொய் தெருவில் உடைந்தால், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. “அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உன்மேல் எந்தத் தப்பும் இல்லை.” இவ்வளவு போதும். கடைசி வரி முக்கியம், ஏனென்றால் தான் சண்டை போட்டதால்தான் அப்பா வரவில்லை என்று நினைக்கும் வயது ஐந்து, ஆறு. படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்பது சில வாரம் இருக்கும். அடிக்காதீர்கள். அதே நேரம் பள்ளிக்கு அனுப்புங்கள். வழக்கம் மாறாத ஓரிடம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும்.

கடலில் போய்த் திரும்பாதவர் வீடு தனிக் கணக்கு. உடல் கிடைத்தால் துக்கத்துக்கு ஓர் இடம் உண்டு, சடங்கு உண்டு, நாள் உண்டு. உடல் கிடைக்காத வீட்டில் எதுவும் தொடங்காது, எதுவும் முடியாது. ஒரு நாள் “வந்துவிடுவார்” என்பார்கள், மறுநாள் “போய்விட்டார்” என்பார்கள். இந்த ஊசலாட்டம் பைத்தியமில்லை. விடை இல்லாத இழப்புக்கு மனம் காட்டும் இயல்பான முகம். அந்தப் பெண்ணின் தாலி பற்றி, நெற்றிப் பொட்டு பற்றி ஊர் எதுவும் பேசக் கூடாது. எப்போது என்பது அவர் முடிவு. எப்போதுமே வேண்டாம் என்றாலும் அவர் முடிவு. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டு ஆகும். அந்த ஏழு ஆண்டும் நிவாரணம், வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று என்று அவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் “இறந்துவிட்டாரா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சங்கத்திலிருந்து ஒரே ஆள் எல்லா அலுவலகத்துக்கும் கூடவே போகட்டும். அந்தக் கேள்விக்கு அந்த ஆளே பதில் சொல்லட்டும்.

இனி குடிப்பழக்கம். இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே உயிர் போவது குடிப்பதால் மட்டுமல்ல, திடீரென்று நிறுத்துவதாலும். தினமும் அதிகமாகக் குடித்து உடம்பு பழகிவிட்ட ஒருவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, ஆள் அடையாளம் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பேசுவார். காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும். இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கப் போனால் வழியிலேயே உயிர் போகக்கூடும். மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் மீளக்கூடிய நிலை இது. மாலையில் கடைசியாகக் குடித்தவர் மறுநாள் காலையில் தொழிலுக்குப் போனால் முதல் வலிப்பு நடுக்கடலில், வலை இழுக்கும் விஞ்ச் பக்கத்தில் வரலாம். பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவருக்கும் இதேதான். ஆகவே பிடிபட்டவர்களின் பட்டியல் கொடுக்கும்போது யார் தினமும் குடிப்பவர், யார் சர்க்கரைக்கோ வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பவர், மாத்திரையின் பெயர் என்ன என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். மீன்வளத் துறைக்கும் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அந்த ஒரு தாள் போக வேண்டும். மானம் போகிறதே என்று தோன்றலாம். அந்தத் தாள் இல்லாமல் போனால் உயிர் போகலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் குடி கூடும் காலம். நிறுத்துவதற்கும் அதுவே நல்ல காலம். ஆனால் மருத்துவர் சொல்லி நிறுத்த வேண்டும். முதல் ஐந்து முதல் ஏழு நாள் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையும், கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1-ம் தேவை. குடியால் இந்த வைட்டமின் வற்றிப்போன உடம்பில், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நினைவாற்றலையே பாதிக்கும் மூளைக் கோளாறு வரலாம். தெரு முனையில் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்கள்” என்று கேட்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

அந்த 61 நாளில் இன்னொன்றும் நடக்கிறது. வாழ்நாள் முழுக்கக் காற்றையும் நேரத்தையும் பார்த்து எழுந்தவருக்கு எழுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. பத்து மணிக்கு எழுந்து, பகலில் உறங்கி, இரவில் விழித்து, கடனை எண்ணி எண்ணி மனம் தொய்ந்துவிடும். இதற்கு அறிவுரை வேலை செய்யாது, நேர ஒழுங்கு வேலை செய்யும். ஏலக்கூடத்தில் காலை ஆறரைக்கு வலை பின்னும் வேலையைக் கூட்டாகத் தொடங்குங்கள். மனம் வந்தால் வேலை செய்வோம் என்று காத்திருப்பவருக்கு மனம் வராது. கை வேலையில் இறங்கினால் மனம் பின்னால் வரும். தூக்கம் கெட்டவர் எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மட்டும் மாற்றக் கூடாது.

தூக்கம் பற்றிச் சங்கம் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. காலையில் போய் மறுநாள் காலை கரையேறும் விசைப்படகில் ஆட்கள் உறங்குவது ஓரிரு மணி நேரம். ஏறத்தாழ 24 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் நிதானமும் குடித்தவரின் அளவுக்கு மங்கும். அந்த நிலையில்தான் ஏலம் முடிந்து, டீசல் கழித்து, முன்பணம் கழித்து, பங்குக் கணக்குப் பேசுகிறீர்கள். அடிதடி அங்கே தொடங்கி வீட்டில் போய் முடிகிறது. மீனை விற்பது காலையில் நடந்தாக வேண்டும். கணக்கு மாலை ஐந்து மணிக்கு, எல்லோரும் உறங்கி எழுந்தபின் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் இதே விதி நல்லது. கரையேறி வந்தவரிடம் உறங்கி எழும்வரை கடன் பேச்சு வேண்டாம். அவரும் வீட்டில் கைநீட்டிவிட்டு “அசதியில் அடித்துவிட்டேன்” என்று சொல்வதை ஊர் ஏற்கக் கூடாது. கோபம் ஏறும்போது தாடை இறுகும், காது சூடாகும். அந்த நிமிடமே வெளியே வந்து இருபது நிமிடம் நடந்தால் உடம்பின் வேகம் இறங்கும். பெண்களுக்கு உதவி எண் 181.

மாத்திரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களைப் பற்றிச் சிலது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வாய் உலர்வு, குமட்டல் முதல் வாரத்திலேயே வரும். அதனால்தான் பலர் பத்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அந்த மருந்து நஞ்சாக ஏறும். கைநடுக்கம் கூடுவது, வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும், இடுப்பு வலிக்கு அவற்றைக் கடையில் வாங்கிப் போடாமல் கேட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரை போட்டவர் அன்று விஞ்ச் பக்கம் நிற்கக் கூடாது. ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது. வயர்லெஸ்ஸில் எல்லாப் படகும் கேட்கும் என்பதால் வீட்டுச் சாவுச் செய்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிப்பதும் வேண்டாம்; ஓட்டுநரை மட்டும் கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

பெண்களின் நிலை வேறு. “மனது சரியில்லை” என்று யாரும் வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், கைகால் அசதி, வயிற்றெரிச்சல் என்றுதான் வருகிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் பாசி எடுத்துவிட்டு வந்தவருக்கு அசதி இருக்காதா என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். மகளிர் குழுத் தலைவிகள் இரண்டு கேள்வி கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்ததா? மனம் இடிந்து, இனி என்ன இருக்கிறது என்று இருந்ததா? பாதி நாட்களுக்கு மேல் ஆமாம் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமே இதைச் சொல்லலாம்.

கடன் தனியாக ஒரு நோயில்லை, ஆனால் நோயை வளர்ப்பது. நுண்கடன் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் தெளிவானவை: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது, மிரட்டும் சொல் கூடாது, கடன் வாங்கியவரின் பெயரை வெளியிடக் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. மாதத் தவணை மொத்தமும் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படிக் கடன் கொடுக்கவும் கூடாது. இந்த நான்கைந்து வரியைப் பெரிய எழுத்தில் சங்க அலுவலகச் சுவரில் எழுதுங்கள். படகு பிடிபட்ட வீட்டின் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிச் சங்கத்தின் தாளில் கடிதம் கொடுங்கள். அந்தப் பெண் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

விடுதலையாகி வருகிறவரை மாலை போட்டு வரவேற்கிறீர்கள், அது நல்லது. மைக்கைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொல்லச் சொல்வது நல்லதல்ல. முதல் மாதம் கெட்ட கனவு, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, எரிச்சல், கூட்டத்தைத் தவிர்ப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மருத்துவர். ஆள் வந்தும் படகு வராதவருக்கு இரண்டாவது துக்கம் ஒன்று இருக்கிறது. “உயிரோடு வந்தாயே, அது போதாதா” என்ற சொல் அந்தத் துக்கத்தின் வாயை அடைத்துவிடும்.

ஒருவர் பேச்சில் “நான் இருந்தென்ன”, “எல்லாருக்கும் பாரம்” என்ற சொல் வந்தால், பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேளுங்கள்: “செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே விட முடிகிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் வேறொரு வீட்டுக்கு மாற்றுங்கள், மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூடவே இருந்து அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. முயன்று பிழைத்தவரைப் போலீசுக்குப் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

ஏர்வாடியைப் பேசாமல் இந்தக் கரையில் மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இன்று மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது, வீட்டுத் திண்ணையானாலும் மாட்டுத் தொழுவமானாலும். ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூர் தேவாலயத்துக்கும் போகிறவர்களை நாங்கள் தடுக்கவில்லை. அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் ஜமாத்தும் பங்குப் பேரவையும் சொல்ல வேண்டும். குரல் கேட்கிறது, யாரோ சதி செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியவருக்கு முதல் சில வாரங்களிலேயே மருந்து தொடங்கினால் மீட்சி நன்றாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் தள்ளினால் அதே மருந்து அவ்வளவு கைகொடுக்காது.

அடுத்த ஏப்ரல் 15-க்குள் ஒவ்வொரு சங்கமும் இரண்டு ஆண், இரண்டு பெண் என நான்கு பேரை இதற்கென்று நியமியுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர், வட்டிக்கு விடுபவர், ஊர்ச் சண்டையில் ஒரு பக்கம் நிற்பவர் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் வட்டார மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அந்தக் கிழமையையும் 14416, 104, 108 எண்களையும் டோக்கன் கொடுக்கும் இடத்திலும் ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள். அந்த நான்கு பேருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க நாங்கள் வருகிறோம். படகு போகாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஏலக்கூடமே போதும், மண்டபம் தேவையில்லை.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரக் கிராமங்களின் மனநலப் பணியாளர்கள்